படகு வராத காற்று

ஜனவரி 19

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன். தமிழ்வாணி ஒன்றரைத் தோசை தின்றுவிட்டுப் பள்ளிக்கூட வேனில் ஏறினாள். நான் மருந்துக் கடைக்கு நடந்தே போனேன். பொங்கல் முடிந்தும் ஆனையூரில் பாதிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை.

கடையில் இருக்கும்போது இவர், தமிழ்வாணியின் அப்பா, வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தால் உலகப் படம். நாடுகளின் பெயர் எதுவும் இல்லை. அதன் மேல் மெல்லிய கோடுகள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஓரிடத்தில் நீலம், ஓரிடத்தில் பச்சை, தெற்கே அடிப்பக்கம் நெடுகச் சிவப்பு. இது என்ன என்று கேட்பதற்குள் குரல் செய்தியும் வந்துவிட்டது.

"அம்புட்டும் காத்து, மீனா. உலகம் பூரா அடிக்கிற காத்து. எங்க வளைகுடாவப் பெருசாக்கிப் பாரு. விரல வச்சா எம்புட்டு வேகம்னு காட்டும். இருவது நாட் தாண்டுச்சுன்னா எங்களுக்குப் படகு வராது. படகு வரலைன்னா டீசல் இல்ல. டீசல் இல்லைன்னா ஜெனரேட்டர் ஓடாது, போன் சார்ஜ் ஏறாது. நான் பேசலைன்னா அதப் பாத்துக்க. பயந்துக்காத."

நாட் என்பது கடல்காரர்களின் வேகக் கணக்காம்.

யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது மனப்பாடமாகிவிட்டது. இவர் சரக்குக் கப்பலில் மூன்றாவது இன்ஜினியர். கப்பல் முதலாளி கம்பெனியை மூடிவிட்டு ஓடிவிட்டான். கப்பல் போன புரட்டாசியிலிருந்து ஒரு துறைமுகத்துக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. உள்ளே பதினோரு பேர். சம்பளம் கிடையாது. மாற்று ஆள் வராமல் கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வழக்கு நடக்கிறது. இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் கேட்டவர்கள் "ச்சோ" என்பார்கள். நான் அடுத்த சீட்டை வாங்கி மருந்து எடுப்பேன்.

ஜனவரி 22

இருபத்தெட்டு நாட். பேச்சு இல்லை.

ஜனவரி 23

இருபத்தாறு.

ஜனவரி 26

கொடியேற்ற விடுமுறை. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை பஸ் ஏறி வந்தார். இவருடைய அம்மா, மலையம்மாள். பை நிறைய மொச்சைக்காய். மகனிடமிருந்து போன் வந்ததா என்றார். வரவில்லை, காற்று அதிகம் என்று படத்தைத் திறந்து காட்டினேன்.

"இதுல எம்மகன் எங்கிட்டு இருக்கான்?"

விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கோடுதான் ஓடுது. கப்பலக் காணோமே."

"கப்பல் தெரியாது அத்தை. காத்து மட்டுந்தான்."

"ஆளக் காட்டாத படம் என்னத்துக்கு?" என்று அழ ஆரம்பித்தார்.

அத்தையும் மாமாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் கழித்தவர்கள். மகனுக்குப் பீமாராவ் என்று பெயர் வைத்துப் படிக்கவைத்தார்கள். இவர் கப்பலுக்குப் போன பிறகுதான் சொந்தமாக ஒரு வயல். இந்த வருஷம் அதில் நெல் நன்றாக விளைந்திருக்கிறது. அதையும் அழுதுகொண்டேதான் சொன்னார்.

நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. இருந்தும் உரித்து முடித்த பிறகுதான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். எனக்கு என்ன ஆயிற்று?

பிப்ரவரி 4

பேசினார். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்றுதான் தொடங்குவார். இப்போது எடுத்த எடுப்பில், "காத்து எப்படிக் காட்டுது?"

அங்கே காற்றில் நிற்பவர் ஆனையூரில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் என்னிடம் கேட்கிறார். ஆனால் காரணம் இருக்கிறது. படத்தில் நாளை, நாளன்றைக்கு என்று முன்னால் தள்ளிப் பார்க்கலாம். அவர்களிடம் இருக்கும் சார்ஜில் அதைத் திறந்து வைத்திருக்க முடியாது.

"வியாழன் வரைக்கும் இருவதுக்கு மேல. வெள்ளிக்கிழம இறங்குது."

"அப்ப வெள்ளி வரைக்கும் தண்ணிய இழுத்துப் பிடிக்கணும். சரி, வைக்கிறேன்."

அவ்வளவுதான். தமிழ்வாணி போனுக்குக் கை நீட்டியபடி நின்றாள். அதற்குள் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 5

எதற்கும் பயன்படாமல் இருந்தவள் இப்போது ஒன்றுக்குப் பயன்படுகிறேன். அதில் சந்தோஷம் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். இல்லை. வருத்தமும் இல்லை.

பிப்ரவரி 16

அதே கப்பலில் அசோக்குமார் என்று ஒரு பையன் இருக்கிறான். இன்ஜின் அறையில் இவருக்குக் கீழே ஆயிலர். அலங்காநல்லூர்க்காரன். அவன் மனைவி சரண்யாதேவிக்கு இது ஏழாவது மாதம். கல்யாணமாகி ஒரு மாதம் போல இருந்துவிட்டுப் போய், இடையில் ஒரு தடவை லீவில் வந்தானாம். அதற்குள் இது. இப்போது தினமும் எனக்குப் போன் செய்கிறாள்.

"அக்கா, இன்னைக்குக் காத்து எப்படிக்கா?"

சொல்கிறேன். பிறகு கப்பல்காரர்களின் வீட்டார் குழுவிலும் போடுகிறேன். ஒடிசாவிலிருந்து ஒரு அம்மா கைகூப்பும் படம் அனுப்புகிறார். கேரளத்திலிருந்து ஒருவர் இந்தியில் நன்றி சொல்கிறார். அவர்களில் யாரையும் நான் பார்த்தது கிடையாது. எல்லாருக்கும் நான் காற்று பார்க்கிற அக்கா.

சரண்யா இன்று கேட்டாள்: "நீங்க எப்படிக்கா இம்புட்டுத் தைரியமா இருக்கீங்க? நான் சோத்துல கைய வச்சாலே அழுகையா வருது."

தைரியமா இது? எனக்குப் பெயர் தெரியவில்லை. தைரியம் என்று அவள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 3

கடையில் கூட்டம் இல்லை. படத்தை வளைகுடாவிலிருந்து நகர்த்தி நகர்த்தித் தெற்கே கொண்டுபோனேன். கீழே பூமியின் அடியில், நிலமே குறுக்கிடாத கடலில், காற்று ஒரு வட்டமாகச் சுற்றுகிறது. நிற்பதில்லை. எந்த நேரம் திறந்தாலும் சிவப்பு. அங்கே யாரும் காத்திருக்கவில்லை, யாருக்கும் தண்ணீர் போக வேண்டியதில்லை. சும்மா சுற்றுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"முத்துமீனா... அந்தப் பெரியவர் ரொம்ப நேரமா நிக்கிறார்."

கடை முதலாளி ஹரிநாராயணன் சார். நிமிர்ந்தால் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எடுத்துக் கொடுத்தேன். சார் அதைப் பெரியவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்து, வேறு அட்டையை எடுத்துக் கொடுத்தார். நான் கொடுத்தது இரண்டு மடங்கு வீரியம்.

பெரியவர் போன பிறகு சார் மெதுவாக, "நாளைக்கு லீவு எடுத்துக்கோங்கோ. கோவிச்சுண்டு சொல்லலை" என்றார்.

உடம்பெல்லாம் பதறியிருக்க வேண்டும். சரி சார் என்றேன்.

மார்ச் 9

படத்தில் பன்னிரண்டு நாட். குழுவில் "படகு வரும்" என்று போட்டேன். படகு வரவில்லை. அங்கே அலை கப்பல் பக்கவாட்டில் ஏறி அடித்ததாம்.

"பன்னெண்டுன்னு சொன்ன. உன் பேச்சக் கேட்டு நேத்தே தண்ணிய எல்லாருக்கும் தாராளமா ஊத்திட்டேன். இப்ப ஒரு கேன்தான் கெடக்கு. பத்து பேர் என் மூஞ்சியப் பாக்குறாங்க."

"படத்துல அப்படித்தாங்க இருந்துச்சு."

"படத்துல இருக்கவங்களுக்குத் தாகம் எடுக்காது மீனா."

பிறகு கொஞ்ச நேரம் காற்று போனில் இரைந்தது. "சரி விடு. நீ என்ன பண்ணுவ" என்றார்.

அந்த வலைத்தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்தேன். இது இப்போது அடிக்கும் காற்றே இல்லை. எங்கெங்கோ அளந்ததை வைத்துக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். அத்தனை நாளும் கோடுகள் ஓடுவதைப் பார்த்து, இதோ இப்போது அவர் சட்டையில் படும் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 21

செய்தி வந்திருக்கிறது. துறைமுகத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். ஆறு பேர் இறங்கலாம். ஐந்து பேர் கப்பலைப் பார்த்துக்கொள்ள இருக்க வேண்டும். அந்த ஐந்து பேரில் ஜெனரேட்டர் ஓட்டத் தெரிந்த ஒருவர் கட்டாயம். அப்படித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இவரும் அசோக்குமாரும்.

பட்டியலைக் கேப்டன் போடுவார்.

அத்தையிடம் சொல்லவில்லை.

மார்ச் 23

"என் பேர் வரல, மீனா."

"சரி."

"அசோக்கு வந்துருச்சு. அவன் போறான்."

"சரிங்க."

"ஏதாச்சும் பேசு."

"என்ன பேச? நாளைக்குக் காலையும் சாயங்காலமும் பதினஞ்சுதான் காட்டுது. படகு வரும்."

ரசம் வைத்தேன். அப்பளம் பொரித்தேன். தமிழ்வாணிக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மீதியை மேலே கொண்டுபோக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன்.

மார்ச் 30

அசோக்குமார் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். சரண்யா போன் செய்தாள். அவள் அழுகையில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நல்லபடியாக இரு என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 12

வெயில். படத்தில் மதுரை மேல் விரல் வைத்தால் நாலு நாட். கோடே இல்லை என்று சொல்லலாம். மொட்டைமாடியில் துவைத்துப் போட்டது போட்டபடி ஆடாமல் தொங்குகிறது.

இவரும் இப்போது ஓரளவு பேசுகிறார். காற்று அதிகமில்லாத மாதம். படகு ஒழுங்காக வருகிறது. பேச நேரம் இருக்கிறது. பேசத்தான் ஒன்றும் இல்லை. ஐந்து பேர் ஐந்து மூலையில் படுத்துக்கிடக்கிறோம் என்றார். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

மே 5

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். ஊரே வைகைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டார் தமிழ்வாணியைக் கூட்டிப்போனார்கள். நான் போகவில்லை. தெரு அவ்வளவு காலியாக இருந்து பார்த்ததில்லை.

தமிழ்வாணி நனைந்து வந்தாள். தண்ணீர் பீய்ச்சினார்களாம். "அப்பாவுக்காக வேண்டிக்கிட்டேன். நீ வேண்டிக்கிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்.

ஜூன் 4

ஞாயிற்றுக்கிழமை. இதை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். அசோக்குமாரும் சரண்யாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. ஒரு சீப்பு வாழைப்பழமும் இனிப்புப் பெட்டியும் வாங்கி வந்திருந்தார்கள். அசோக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். சரண்யா பிள்ளையை என் மடியில் போட்டாள். காலைத் தொடக் குனிந்தாள். என்ன இது, எழுந்திரு என்றேன்.

"இல்லக்கா. பிரசவத்துல ரொம்பக் கஷ்டமாயிருச்சு. ரத்தம் நிக்கல. இவருதான் ஓடுனாரு, ரத்தத்துக்கு ஆள் பிடிச்சாரு. இவரு மட்டும் அன்னைக்கு இல்லைன்னா நானும் இல்ல, பிள்ளையும் இல்ல. நீங்களும் அண்ணனும் சேந்து குடுத்த உசுருக்கா இது."

நான் என்ன செய்தேன் என்றேன். பொதுவாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"லிஸ்ட்ல அண்ணே பேருதான வந்துச்சு? வீட்ல கேட்டுட்டேன், மீனா சரின்னுட்டா, நீ போடான்னு இவருகிட்டச் சொல்லிட்டாராமே. எந்தப் பொம்பளக்கா அதுக்குச் சரின்னு சொல்லுவா?"

பிள்ளை கொட்டாவி விட்டது.

அசோக் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அக்கா... அண்ணே உங்ககிட்டப் பேசிட்டுத்தான..."

"ஆமா தம்பி. பேசினாரு," என்றேன்.

காபி போட்டேன். பிள்ளைக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. தமிழ்வாணியின் பழைய வெள்ளிக் கொலுசைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். தெருமுனை வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து டம்ளர்களைக் கழுவினேன். ஒரே டம்ளரை எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியாது. தமிழ்வாணி வந்து குழாயை மூடினாள்.

ஜூன் 5

படத்தைத் திறக்கவில்லை.

ஜூன் 7

குழுவில் கேட்கிறார்கள். போன் ரிப்பேர் என்று போட்டேன். ரிப்பேரான போனிலிருந்து எப்படிப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 8

என்னய ஏன் கேக்கல? ஒரு வார்த்த. மீனா, இந்த மாதிரி இருக்கு, அந்தப் பிள்ள மாசமா இருக்கா, என்ன பண்ணட்டும்னு ஒரு வார்த்த. நான் என்ன ராட்சசியா? நான் சரின்னுட்டேன்னு ஊரு பூராச் சொல்லியாச்சு. நான் எப்பச் சொன்னேன்? ரசம் வச்சுக்கிட்டு இருந்தேனே அன்னைக்கு — "என் பேர் வரல"ன்னு என்கிட்டயே சொன்ன வாய்தான அது —

ஜூன் 10

மூன்று தடவை அழைத்தார். நாலாவது தடவை எடுத்தேன்.

"என்ன மீனா, போனே எடுக்கல? காத்து எப்படி இருக்கு?"

"அசோக்கும் அவன் பொண்டாட்டியும் வந்துட்டுப் போனாங்க. பிள்ள நல்லா இருக்கு."

மூச்சு மட்டும் கேட்டது.

"நான் சரின்னு சொன்னதுக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க," என்றேன்.

"மீனா..."

வைத்துவிட்டேன். காற்றைச் சொல்லவில்லை. அவர் திரும்ப அழைக்கவும் இல்லை.

ஜூன் 13

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்தது. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று என்று படத்தைத் திறந்தேன். வளைகுடா முழுவதும் மஞ்சள். கோடுகள் வடமேற்கிலிருந்து நேராக இறங்குகின்றன. ஷமால் என்பார் இவர். கோடைக் காற்று, பிடித்தால் விடாது. விரல் வைத்தேன். முப்பத்திரண்டு. முன்னால் தள்ளிப் பார்த்தேன். வாரக் கடைசி வரை இறங்கவில்லை. அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் தண்ணீரை அளந்து வைத்திருப்பார்.

ஜூன் 15

முப்பது.

ஜூன் 16

முப்பத்தொன்று. அத்தை போன் செய்தார். பேசினானா என்றார். பேசினார் அத்தை, நன்றாக இருக்கிறார் என்றேன்.

ஜூன் 17

கோபம் போய்விட்டது. மன்னித்துவிட்டேன் என்பதில்லை. இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். பழையபடி கை வேலை செய்கிறது, வாய் பேசுகிறது. ஹரிநாராயணன் சார் நான் எடுக்கும் ஒவ்வொரு மருந்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார். அதுவும் நல்லதுதான்.

வளைகுடாவைப் பார்க்க முடியவில்லை. தெற்குக் கடலுக்குத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சிவப்பையே பார்க்கிறேன்.

ஜூன் 20

பதினாறு நாட். மத்தியானம் மூன்று மணிக்குப் பேசினார். குரல் கரகரத்திருந்தது. ஏசி இயந்திரத்துக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரை வடித்து, காய்ச்சிக் குடித்தார்களாம். சமையல்காரருக்குக் காய்ச்சல்.

"பாத்துக்கிட்டு இருந்தியா?"

"இருந்தேன்."

"அது போதும்," என்றார்.

எது போதும்? எனக்குப் போதவில்லை.

ஜூலை 14

நீதிமன்றத்தில் கப்பலை ஏலம் விட உத்தரவாகியிருக்கிறது. காவலுக்கு அங்கேயே ஆட்கள் போடுகிறார்கள். ஐந்து பேரும் இறங்கலாம்.

சரண்யா போனில் கத்தினாள். அத்தை சாமிக்குக் காசு முடிந்து வைத்தார். தமிழ்வாணி தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். நான் கடையில் சாரிடம் ஒருநாள் லீவு சொன்னேன். அவர் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் நின்றேன்.

வந்த பிறகும் இப்படியே இருந்தால் என்ன செய்வது?

ஜூலை 29

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். அத்தை, அசோக், நான், தமிழ்வாணி. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி நரைத்திருந்தது. சட்டை வேறு யாருடையதோ போல் தொங்கியது. அத்தை ஓடிப்போய் நெஞ்சில் விழுந்தார். அசோக் பையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தமிழ்வாணி என் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

என்னிடம் வந்து, "வந்துட்டேன்" என்றார்.

"சாப்டீங்களா?" என்றேன்.

ஆகஸ்ட் 6

கட்டிலில் படுக்க மாட்டேன் என்கிறார். தரையில், சுவரை ஒட்டி. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்து விட்டால் வந்து மூடுகிறார். தமிழ்வாணி அரை டம்ளர் தண்ணீரைக் கீழே ஊற்றியதற்கு அப்படிக் கத்தினார். அவள் அழுதாள். பிறகு அவரே மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் கீழே வரவில்லை.

ஆடிக் காற்று. கதவு படீரென்று அடித்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 13

கேட்டுவிட்டேன். திட்டம் போட்டுக் கேட்கவில்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். காற்றில் போர்வை பறக்கிறது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். வாயில் வந்துவிட்டது.

"ஏன் என்னயக் கேக்கல?"

எதை என்று அவர் கேட்கவில்லை. போர்வையைப் பிடித்தபடி நின்றார்.

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லிருப்ப."

"ஆமா. சொல்லிருப்பேன்."

"நீ வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் என்னால அங்க இருக்க முடியாது. வந்துருவேன். வந்து... அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகிருந்தா, அத நம்ம ரெண்டு பேரும் சுமக்கணும். அதான் கேக்கல. நான் மட்டும் சுமந்துக்கிறேன்னு இருந்துட்டேன்."

"நீங்க மட்டுமா சுமந்தீங்க? நான் இங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? வேணாம்னு சொல்லிருப்பேன். கெட்ட வார்த்தையா அது? சொல்ல விட்டிருக்கணும்ல? சொல்லிட்டு, அழுதுட்டு, அப்புறம் சரி இருங்கன்னு நானே சொல்லிருக்கவும் மாட்டேனா? அதுக்குக்கூட என்னய ஆளா நினைக்கலையே நீங்க!"

கத்திவிட்டேன். எதிர்மாடியில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. மூக்கெல்லாம் ஒழுக, அசிங்கமாக. நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் தோன்றவில்லை. அவர் போர்வையை விட்டுவிட்டார். அது பறந்து தண்ணீர்த் தொட்டியில் போய்ச் சுற்றிக்கொண்டது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொடவில்லை. "தப்புதான்," என்றார். "அசோக்கிட்ட உன் பேரச் சொன்னேன் பாரு, அதுதான் பெரிய தப்பு."

ஆகஸ்ட் 14

தலைவலி. கண் வீங்கியிருக்கிறது. கடையில் சார், என்ன ஆச்சு என்றார். வீட்டில் சண்டை சார் என்றேன். ஓ என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

செப்டம்பர் 11

பத்து நாளாக மேலூரில் ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் வேலை பார்க்கிறார். காலை பஸ்ஸில் போகிறார், சாயங்காலம் தலையெல்லாம் உமியோடு வருகிறார். கப்பலில் வாங்கியதில் கால்வாசிகூட இல்லை. வழக்குப் பணம் வரும்போது வரட்டும்.

அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசுவது பொய்யாகவும் இல்லை.

கட்டிலுக்கு வந்துவிட்டார்.

அக்டோபர் 15

ஞாயிறு. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. என்னங்க என்றேன்.

சென்னையிலிருந்து ஏஜென்ட். புதுக் கப்பல். நல்ல கம்பெனி, விசாரித்துவிட்டாராம். ஒன்பது மாதம். பதவியும் ஒரு படி மேலே. இன்று மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"சம்பளம் நல்லா இருக்கு," என்றார். "போகட்டுமா மீனா?"

அவர் கண்ணில் ஆசை இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்ஜின் சத்தத்தில் பதினான்கு வருஷம் இருந்த மனிதர். ரைஸ் மில் மோட்டார் அவருக்கு என்னத்துக்கு ஆகும்? போங்கள் என்று சொல்வதுதான் அழகு. சரண்யா கேட்டால் மறுபடியும் காலில் விழுவாள்.

"வேணாம்," என்றேன்.

தலையாட்டினார். மறுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அங்கேயே நிலைப்படியில் சாய்ந்துகொண்டு ஏஜென்டுக்குப் போன் போட்டார்.

"சார், பீமாராவ் பேசுறேன். வரல சார்... இல்ல, சம்பளம் எல்லாம் சரிதான்... இல்ல சார், உடம்புக்கு ஒன்னுமில்ல."

அந்தப் பக்கம் விடாமல் பேசுகிறார்கள். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். கேட்டுட்டேன். வீட்ல வேணாங்கிறாங்க."